ஒவ்வாமை அதிர்ச்சி: அருகில் இருக்கும் கைகளுக்கு ஒரு பாடம்



நீங்கள் அனுப்பும் காணிக்கைகளால் எழும்பிய கட்டிடத்தை உங்களுக்குக் காட்ட முடியும். வாங்கிய கட்டிலையும் வாகனத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியும். ஆனால் காணிக்கையில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குச் செலவாகிறது. அது பயிற்சி. இந்த இதழின் பாடப் பகுதியில் அப்படிப்பட்ட ஒரு பயிற்சியைப் பற்றிப் படிப்போம். சபைகளில் ஆண்கள் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம் ஆகியவற்றில் வாசித்துக் கலந்துரையாடும்படி, கடைசியில் சில கேள்விகளும் தந்திருக்கிறோம்.

1. இந்தத் துன்பம் எது?

தும்மல், அரிப்பு, தடிப்பு என்று ஒவ்வாமையை நாம் எல்லோரும் அறிவோம். பெரும்பாலும் அது தானாக அடங்கும். ஆனால் சிலருக்கு, சில வேளைகளில், உடல் முழுவதும் ஒரே நேரத்தில் கொந்தளித்து எழும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசியும். ரத்த அழுத்தம் விழும். தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் சுருங்கும். இதற்கு மருத்துவர்கள் வழங்கும் பெயர் அனாபைலாக்சிஸ். நாம் ஒவ்வாமை அதிர்ச்சி என்று சொல்லலாம்.

இந்தப் பெயரைத் தந்தவர்கள் சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். கடல் உயிரினங்களின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் நாய்கள் அதைத் தாங்கப் பழகும் என்று எண்ணி அவர்கள் ஆராய்ந்தார்கள். நடந்ததோ நேர் எதிர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து மறுபடியும் சிறிதளவு கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் இறந்தது. காக்க வேண்டிய உடலே தன்னைத் தாக்குகிறது என்று கண்டு, 1902-இல் 'காப்புக்கு எதிரானது' என்னும் பொருளில் அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பலருக்கு முதல் முறை ஒன்றும் ஆவதில்லை. உடல் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வரும்போது சண்டைக்கு எழுகிறது. "போன வருஷம் கொட்டினப்போ ஒண்ணும் ஆகலைங்களே" என்று வீட்டார் சொல்வதை நம்பி யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

2. வால்பாறைக்கும் இதற்கும் என்ன?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வெயில் நாளிலேயே கீழே இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மூடுபனியும், விழுந்த மரமும், மண்சரிவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தூரத்து எஸ்டேட்களின் லைன் வீடுகளிலிருந்து அங்கே வந்து சேரவே நேரம் பிடிக்கும்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்குக் குளவியும் மலைத்தேனீயும் கதண்டும் புதியவை அல்ல. செடிக்குள் மறைந்திருக்கும் குளவிக் கூட்டில் கை பட்டுவிட்டால் போதும். நிழல் மரத்தின் உயரத்தில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும். பருந்தோ காற்றோ கலைத்துவிட்டால் கீழே இருக்கிறவர்கள்மேல் வந்து விழும். பாம்புகளையும் சொல்ல வேண்டியதில்லை. இவற்றோடு, எல்லா ஊர்களிலும் இருக்கிற காரணங்களும் உண்டு: பென்சிலின் போன்ற மருந்துகள், வலிக்குப் போடும் ஊசிகள், இறால், நண்டு, முட்டை, கடலை.

இனி நேரத்தைப் பாருங்கள். ஒவ்வாமை அதிர்ச்சியால் பிரிட்டனில் இறந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. இதயமோ மூச்சோ நின்றுபோக எவ்வளவு நேரம் ஆனது என்று அதில் கணக்கிட்டார்கள். மருத்துவ ஊசி காரணமானால், பாதிப் பேருக்கு 5 நிமிடங்களுக்குள். பூச்சிக் கொட்டு என்றால் 15 நிமிடங்களுக்குள். உணவு என்றால் 30 நிமிடங்களுக்குள். இதயம் நிற்கும் முன்பே அட்ரினலின் மருந்து கிடைத்தவர்கள் அவர்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே.

ஒரு பக்கம் 15 நிமிடம். மறுபக்கம் 40 வளைவுகள். பெரிய மருத்துவமனையில் எத்தனை நிபுணர்கள் காத்திருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அந்த 15 நிமிடத்தில் நோயாளியின் அருகே யார் இருக்கிறார்களோ அவர்களே வைத்தியம் செய்ய வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ், மருந்தாளுநர், கிராம சுகாதாரச் செவிலியர், புதிதாகப் பணிக்கு வந்த இளம் மருத்துவர், 108 வாகனத்தில் வரும் உதவியாளர் ஆகியோரே அந்த அருகில் இருக்கும் கைகள்.

3. மருந்து ஒன்றே, அதுவும் மலிவானது

அட்ரினலின் நம் உடலில் தானாகவே சுரக்கும் ஒரு பொருள். ஜப்பானியரான ஜோகிச்சி தக்கமீனே 1901-இல் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். தளர்ந்த ரத்தக் குழாயை அது இறுக்குகிறது. சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கிறது. இதயத்துக்குப் பலம் தருகிறது. கொந்தளிப்பை உண்டாக்கும் அணுக்களையும் அடக்குகிறது. ஒரே மருந்தில் இத்தனையும். சிறிய ஆம்பியூலாக வருகிறது. விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு.

அப்படியானால் ஏன் பயிற்சி? ஏனென்றால் பல இடங்களில் ஒவ்வாமை என்றதும் கை தானாகப் போவது அவில், டெக்ஸா ஆகிய இரண்டு ஊசிகளுக்குத்தான். இரண்டும் நல்ல மருந்துகளே. அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். டெக்ஸா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். விழுகிற ரத்த அழுத்தத்தையும் அடைக்கிற மூச்சையும் அந்த நிமிடமே தூக்கி நிறுத்த இரண்டாலும் ஆகாது. தடிப்பு மறைந்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே ஆபத்து வளரலாம்.

இரண்டாவது தடை பயம். "அட்ரினலின் போட்டால் இதயம் தாங்குமா?" என்பது பயிற்சியில் எப்போதும் எழும் கேள்வி. நரம்பு வழியாக, தவறான அளவில், வேகமாக ஏற்றினால் ஆபத்து என்பது உண்மையே. ஆனால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் சரியான அளவில் போடும்போது அது பாதுகாப்பானது. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிறகு அடங்கும். போடாமல் விடுவதே பெரிய ஆபத்து.

4. பயிற்சியில் கற்றுத்தருவது

எங்கள் பயிற்சி நாளில் நீண்ட சொற்பொழிவு கிடையாது. ஒருவர் நோயாளியாக நடிப்பார். மற்றவர்கள் வைத்தியம் செய்ய வேண்டும். நாங்கள் கொடுக்கும் சூழ்நிலை இது: கொழுந்து பறிக்கும் 40 வயதுப் பெண். கழுத்தில் குளவி கொட்டி 5 நிமிடம் ஆகிறது. உடலெல்லாம் தடிப்பு, குரல் கம்முகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது, தலை சுற்றுகிறது என்கிறாள். கடிகாரம் ஓடுகிறது. என்ன செய்வீர்கள்?

முதல் சுற்றில் பொதுவாக ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொல்வார். ஒருவர் தண்ணீர் கொடுப்பார். ஒருவர் நாற்காலியில் உட்கார வைப்பார். ஒருவர் வண்டிக்கு ஆள் அனுப்புவார். இரண்டாவது சுற்றுக்கு முன் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகக் கற்கிறார்கள்.

(அ) அடையாளம் காணுதல். தோலில் தடிப்பு, முகத்தில் வீக்கம் ஆகியவற்றோடு மூச்சுத் திணறலோ, குரல் மாற்றமோ, தலைசுற்றலோ, கடும் வாந்தியோ சேர்ந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி என்றே கொள்ள வேண்டும். தோலில் எதுவுமே தெரியாமலும் வரும். கொட்டிய உடனே ஒருவர் மயங்கி விழுந்தால், தடிப்பு இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. ஊசிக்குப் பயந்து வரும் சாதாரண மயக்கத்தில் நாடி மெதுவாக ஓடும், படுக்க வைத்ததும் தெளியும். ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி பெரும்பாலும் வேகமாக ஓடும், படுக்க வைத்தாலும் தெளியாது.

(ஆ) படுக்க வைத்தல். நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். எழுப்பி நிறுத்தவோ நடத்திக் கூட்டிப்போகவோ கூடாது. ரத்த அழுத்தம் விழுந்தவரைச் சட்டென்று நிமிர்த்தியதாலேயே இதயம் நின்றுபோனதுண்டு.

(இ) அட்ரினலின். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில், பெரியவருக்கு அரை மில்லி. குழந்தைகளுக்கு எடைக்கும் வயதுக்கும் ஏற்பக் குறைவு. அந்த அளவு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் யாரும் மனக்கணக்குப் போடக் கூடாது. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடியும் போடலாம். அட்ரினலினும் அட்ரோபினும் பெயரிலும் தோற்றத்திலும் குழப்பக் கூடியவை. ஆகவே ஆம்பியூலை உடைக்குமுன் பெயரைச் சத்தமாக வாசிக்கப் பழக்குகிறோம்.

(ஈ) அதன்பின் மற்றவை. ஆக்சிஜன், நரம்பு வழியாக உப்புநீர், 108-க்குத் தகவல். தேனீயானால் கொடுக்கை உடனே அகற்றுதல். அவிலும் டெக்ஸாவும் தேவையானால் இதற்கும் பின்னரே.

(உ) காத்திருத்தல். தேறிவிட்டவருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம். ஆகவே, "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போகட்டுங்களா?" என்றால், இல்லை, மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில் அதே நர்ஸ், அதே மருந்தாளுநர், ஓரிரு நிமிடத்துக்குள் ஊசியைத் தொடையில் வைக்கும்போது அறையில் கைதட்டல் எழும். ஒரு கேள்வி மட்டும் மீந்திருக்கும். "டாக்டர் இல்லாதப்ப நாங்களா போட்டா தப்பாயிடாதுங்களா?" நியாயமான கேள்வி. இதற்கு விடை, மருத்துவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் எழுத்து மூலமான உத்தரவு. நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. தடுப்பூசி போடும் செவிலியர் ஒவ்வாமை அதிர்ச்சியைக் கண்டால், முதல் அளவு அட்ரினலினைத் தாமே போட்டுவிட்டு நோயாளியை அனுப்பும்படி பயிற்சி பெறுகிறார்கள். அதற்கான மருந்துப் பெட்டியும் உடன் இருக்கிறது. 2021-இல் கோவிட் தடுப்பூசி போட்டபின் நம்மை அரை மணி நேரம் உட்கார வைத்தது நினைவிருக்கும். அது எதற்காக என்று இப்போது விளங்கும்.

5. பாம்புக்கடியும் இந்தப் பாடமும்

இந்தப் பயிற்சியின் பயன் பூச்சிக் கொட்டோடு முடிவதில்லை. பாம்புக்கடிக்கு ஒரே மருந்தான நச்சுமுறி ஊசியே ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கக் கூடியது. குதிரைக்குப் பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து அம்மருந்தைச் செய்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. பழங்குடி மக்களின் அந்தத் திறமையால் நாடெங்கும் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியம். முன்பு ஒருபோதும் அம்மருந்தைப் பெறாதவருக்கும் அதிர்ச்சி வரலாம். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பதால் அதை முன்னறிய முடியாது.

இலங்கையில் 2005 முதல் 2008 வரை 1,007 பாம்புக்கடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. நச்சுமுறி ஏற்றப்பட்டவர்களில் 75 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு எதிர்விளைவு வந்தது. அப்படி வந்தவற்றில் 43 சதவீதம் கடுமையானவை. பெரும்பாலானவை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. நச்சுமுறிக்கு முன் சிறிதளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டபோது, முதல் மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில் ஹைட்ரோகார்ட்டிசோனும் ப்ரோமெத்தசினும் அவ்வாறு காக்கவில்லை. நாம் மேலே படித்த பாடத்தையே அது வேறொரு வழியில் உறுதிப்படுத்துகிறது.

இந்த எதிர்விளைவுக்குப் பயந்து நச்சுமுறி போடாமலே நோயாளியைக் கீழே அனுப்பிவிடுவது கிராமப்புறங்களில் நடக்கிறது. மருந்து அலமாரியில் இருக்கும்; நோயாளி சாலையில் இருப்பார். அட்ரினலினைக் கையாளத் தெரிந்த மருத்துவருக்கோ அந்தப் பயம் குறையும். அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நச்சுமுறியைத் தொடங்கி, கட்டிலருகே நின்று பார்ப்பார். அதிர்ச்சி வந்தால் நிறுத்தி, அட்ரினலின் போட்டு, அடங்கியதும் மீண்டும் தொடங்குவார்.

மலைக்கு உரிய வேறொரு பாடமும் உண்டு. நம் நாட்டு நச்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே செய்யப்பட்டது. ஆனைமலையில் காணும் குழிவிரியன் இனங்களின் நஞ்சை முறிக்க அது செய்யப்படவில்லை. பயனில்லாத இடத்தில் ஏற்றினால் நன்மை ஏதுமின்றி ஒவ்வாமையின் ஆபத்து மட்டுமே மிஞ்சும். ஆகவே நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்தும், கண்ணாடிக் குழாயில் ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று சோதித்தும், தேவை அறிந்தே தொடங்கக் கற்றுத்தருகிறோம்.

2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்க இந்திய அரசு 2024-இல் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இவை நல்ல ஆரம்பங்கள். ஆனால் திட்டம் மலையேறி வந்து டிஸ்பென்சரியின் மேசைவரை சேர, கற்றுக்கொடுக்க ஆட்கள் வேண்டும்.

6. நம் பங்கு

மிஷன் மருத்துவ ஊழியத்தில் பயிற்சி புதிதல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். தாம் ஒருவர் எத்தனை பேரைத் தொட முடியும் என்று கண்டு, 1909-இல் நர்சிங் பள்ளியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார். இன்று நாடெங்கும் அந்தக் கைகளின் வழிவந்த கைகள் வேலை செய்கின்றன. வேதத்திலும், எல்லா வழக்கையும் தனியே தீர்த்துக் களைத்துப்போன மோசேக்கு, பாரத்தைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும்படி மாமனார் எத்திரோ ஆலோசனை சொன்னதை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

ஒரு தடவை கற்றது ஆண்டு முழுவதும் நிற்காது. அரிதாகச் செய்கிற வேலை கைக்கு மறந்துபோகும். ஊழியர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். அட்ரினலின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். காலாவதியான ஆம்பியூல்களை மாற்ற வேண்டும். எஸ்டேட்களில் இன்று ஜார்கண்ட், அஸ்ஸாம், ஒடிசா மாநிலத்தார் பலர் வேலை செய்கிறார்கள். தமிழ் அட்டையோடு இந்தி அட்டையும் ஒட்ட வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கியது. அந்தக் கடமையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பணியாற்றுகிறவர்களின் கையைப் பலப்படுத்துகிறோம்.

உங்கள் வீட்டிலும் செய்யக் கூடியது உண்டு. யாருக்காவது ஒரு மருந்தோ உணவோ பூச்சியோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். எந்த ஊசிக்கும் முன் அதைச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

கலந்துரையாட:

1. நம் ஊரில் ஒருவருக்குக் குளவி கொட்டி மூச்சுத் திணறினால், முதலில் அருகில் இருக்கக் கூடியவர் யார்? அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?
2. நம் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் முகாம்களிலும் பிள்ளைகளின் ஒவ்வாமையை விசாரித்து எழுதி வைக்கிறோமா?
3. கண்ணால் காணும் பொருளுக்குக் கொடுப்பதும், காணாத பயிற்சிக்குக் கொடுப்பதும் நம் மனதில் ஏன் வேறுபடுகின்றன?

ஜெபிக்க:

மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஓடும் 108 ஊழியர்களின் பாதுகாப்புக்காக. டிஸ்பென்சரிகளில் தனியாக இரவுப் பணி செய்யும் நர்சுகளின் தைரியத்துக்காக. கொழுந்துக் காட்டுக்குத் தினமும் போகிற தாய்மார்கள் மாலையில் சுகமாய் வீடு திரும்ப.


மருத்துவமனைக் குடும்பத்தாரின் சார்பில்,
மருத்துவமனைப் போதகர்